குசலத்துக்குப் பெட்டி இல்லை

யார் எதைச் சொன்னாலும் அதைப் பெட்டி பெட்டியாகப் பிரித்துப் பார்ப்பது நமாலேயின் பழக்கம். கவூமா அவளிடம் கல்யாணப் பேச்சை எடுத்தபோது ஏரியைப் பார்த்துக்கொண்டும் கோரைப்புல்லைக் கிள்ளிக்கொண்டும் என்னென்னவோ சுற்றி வளைத்துச் சொன்னான். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "யாருன்னு புரிஞ்சுது, என்னன்னும் புரிஞ்சுது. எப்போன்னு மட்டும் சொல்லலையே?" என்றாள். அந்த ஒரு கேள்விக்காகத்தான் அவளைக் கட்டிக்கொண்டேன் என்று அவன் இன்றைக்கும் சொல்லித் திரிகிறான்.

வேலையும் அவளுக்கு அதற்கேற்றாற்போலத்தான் அமைந்தது. விக்டோரியா ஏரியின் தீவுகளுக்கெல்லாம் பொதுவான சுகாதார அலுவலகம் பெரிய தீவின் மேட்டில் இருக்கிறது. அங்கே ஆவணப் பிரிவு என்றால் நமாலேதான், வயர்லெஸ்ஸில் 'மையம்' என்று பேசுகிறவளும் அவள்தான். தடுப்பூசி குளிர்பெட்டியை எப்படித் துடைப்பது, எந்த விவரத்தை எந்தக் கட்டத்தில் எழுதுவது, எந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று எல்லாத் தீவுகளுக்கும் விதி எழுதுகிறவள் அவள். ஒரு படியில் ஒரு வேலைதான் இருக்க வேண்டும், ஒரு சொல்லுக்கு ஒரு பொருள்தான் இருக்க வேண்டும் என்பது அவளுக்கு வேதம். அவள் எழுதிய கையேட்டைப் படித்துவிட்டு ஒரு வேலையைத் தப்பாகச் செய்ய வேண்டுமென்றால் அதற்குத் தனித் திறமை வேண்டும்.

கவூமா கிசிம்பா தீவின் சுகாதார நிலையத்தில் தலைமை நர்ஸ். புருஷன் ஒரு தீவு, பெண்டாட்டி ஒரு தீவு என்று உத்தரவு போட்டவர்கள் நன்றாக இருக்கட்டும். ஏரிக்கு மனம் இருந்தால் மாதத்தில் ஓரிரு சனிக்கிழமை அவன் வருவான். மற்றபடி அவர்கள் குடும்பம் நடத்தியது வயர்லெஸ்ஸில்தான்.

அந்த வயர்லெஸ்ஸைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எல்லாத் தீவுக்கும் ஒரே அலைவரிசை. ஒருவர் பேசினால் மற்றவர் பேச முடியாது, ஆனால் எல்லோருக்கும் கேட்கும். அந்த ஏரிக்கரைப் புகாண்டாக்காரர்கள் குசலம் விசாரிக்காமல் நெருப்புக்குச்சிகூட இரவல் கேட்க மாட்டார்கள். ஆகவே ஒவ்வொரு நாள் காலையும், ஆணைச் சேபோ, பெண்ணை ஞாபோ என்று மரியாதையாக அழைத்து, 'ம்ம்', 'ஏ' என்று மாறி மாறி ராகம் இழுத்து, இப்படித்தான் தொடங்கும்.

"எப்படி விடிஞ்சுது, சேபோ?"

"நல்லா விடிஞ்சுது, ஞாபோ. உனக்கு?"

"ம்ம்."

"ஏ."

"ம்ம். அங்க என்ன சேதி?"

"சேதி ஒண்ணுமில்ல, அமைதிதான். அங்க?"

"இங்கயும் அமைதிதான். செய்யிற வேலைக்கு நன்றி, சேபோ."

"உன் வேலைக்கும் நன்றி. நேத்து நீ சாப்பிடாம தூங்கிட்டதாக் கேள்விப்பட்டேனே?"

"யார் சொன்னது?"

"ஏரி சொல்லிச்சு."

ஏரி சொல்லவில்லை, பாண்டா துறையின் படகு மேஸ்திரி லுத்தாயாதான் சொல்லியிருப்பார். பாண்டா துறை பெரிய தீவின் மறுகோடியில் இருக்கிறது. அங்கே மீன் சுடுகிற கொட்டகையில் லுத்தாயாவின் வயர்லெஸ் பெட்டி முழுச் சத்தத்தில் அலறும். வலை உலர்த்துகிறவர்கள், கருவாடு கட்டுகிறவர்கள் எல்லோரும் இந்த இருவரின் குசலம் முடிந்த பிறகுதான் கையில் வேலையை எடுப்பார்கள். மற்றத் தீவுகளிலும் இதே கதைதான். ஊருக்கே பொதுவாக ஒரு கல்யாண வாழ்க்கை நடந்துகொண்டிருந்தது.

ஆனால் ஒரு நாள், இரண்டு தீவுக்காரர்கள் ஒருவருக்கொருவர் மாமியாரின் முட்டிவலி வரைக்கும் விசாரித்துக்கொண்டிருந்த நேரத்தில், மூன்றாவது தீவில் ஒரு குழந்தைக்கு வலிப்பு வந்துவிட்டது. அங்கிருந்த நர்ஸ் மைக்கைப் பிடித்துக்கொண்டு தவித்தாள், வழி கிடைக்கவில்லை. குழந்தை பிழைத்தது, ஆனால் மயிரிழையில். அந்த நர்ஸ் பிறகு அலுவலகத்துக்கு வந்து நமாலேயின் மேஜைமேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதாள். அன்றைக்கே நமாலே உட்கார்ந்து விதி எழுதினாள்.

வயர்லெஸ் செய்தி நியமம், முதல் பதிப்பு. ஒவ்வொரு செய்திக்கும் நான்கு பெட்டி: யார், என்ன ஆயிற்று, என்ன செய்தோம், என்ன வேண்டும். நான்கும் கட்டாயம். இதற்கு வெளியே ஒரு சொல்லும் கூடாது. குசலத்துக்குப் பெட்டி இல்லை.

அலுவலகத் தலைவர் டாக்டர் கசூலே அதை இரண்டு முறை படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "காலையில உங்க வீட்டுக்காரர்கிட்டயும் இப்படித்தான் பேசப் போறீங்களா?"

"விதின்னா எல்லாருக்கும்தானே, டாக்டர்."

"எனக்கென்னமோ உங்களவிட எனக்குத்தான் கஷ்டமா இருக்கும் போலிருக்கு. நானும் தினமும் கேக்கறவன்தான்."

விதி நடைமுறைக்கு வந்தது. தீவுக்காரர்கள் முணுமுணுத்தார்கள், ஆனால் வலிப்பு வந்த குழந்தையை எல்லோருக்கும் ஞாபகம் இருந்ததால் கட்டுப்பட்டார்கள். கவூமாதான் எல்லோரிலும் ஒழுங்காகக் கட்டுப்பட்டான். விதி எழுதியவளின் புருஷனே மீறினால் அவளுக்கு என்ன மரியாதை மிஞ்சும் என்பது அவன் கணக்கு. "மையம், இது கிசிம்பா. யார்: யாருமில்லை. என்ன ஆச்சு: ஒண்ணுமில்லை. என்ன செஞ்சோம்: ஒண்ணுமில்லை. என்ன வேணும்: ஒண்ணும் வேணாம்." காலைச் செய்தி இவ்வளவுதான். "கிடைத்தது, கிசிம்பா," என்பாள் நமாலே. பிறகு மைக்கைக் கையிலேயே வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பாள். ஒண்ணும் வேணாமாம், எவ்வளவு சுலபமாகச் சொல்கிறான் பார் என்று அவன்மேல் கோபம் வரும். விதி போட்டவள் தானே என்பது ஞாபகம் வந்ததும் அந்தக் கோபம் இரண்டு மடங்காகும்.

அவனை அவள் எவ்வளவு தேடினாள் என்று அவளுக்கே இப்போதுதான் தெரிந்தது. ஏரியில் காற்றும் மழையுமாக இருந்ததால் சனிக்கிழமைகளிலும் அவன் வரவில்லை.

இதற்குள் ஊரில் வேறொன்று நடந்துகொண்டிருந்தது. அலுவலக வாசலில் யாரோ ஒரு தார் மத்தோக்கே வாழைக்காய் வைத்துவிட்டுப் போனார்கள். சந்தையில் மீன்காரி ஒரு மீனைக் கூடுதலாகப் போட்டுவிட்டு, "எல்லாம் சரியாயிடும், கண்ணு," என்று கையைத் தட்டிக்கொடுத்தாள். புதிய விதிக்காக ஊரே நம்மைப் பாராட்டுகிறது என்று நமாலே நினைத்துக்கொண்டாள். படித்தவர்களுக்கு அந்த நினைப்பு சீக்கிரம் வந்துவிடும்.

ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், கவூமாவின் அத்தை அலுவலகத்துக்கே வந்து இறங்கினாள், இடுப்பில் ஒரு உயிர்க்கோழியோடு. அங்கே அப்பாவின் தங்கைக்குத்தான் குடும்பச் சண்டையைத் தீர்த்துவைக்கிற பொறுப்பு. அத்தை நாற்காலியில் உட்கார்ந்து, கோழியை மடியில் வைத்துக்கொண்டு, பெருமூச்சு விட்டாள்.

"பொறுத்துப் போம்மா. எங்க பையன் வாய்தான் கொஞ்சம் நீளம். மனசுல ஒண்ணும் கிடையாது."

"வாய் நீளம்தான் அத்தை. இப்பத்தான் அடங்கியிருக்கு," என்றாள் நமாலே, காகிதங்களை அடுக்கியபடி.

"அடங்கியிருக்கா?" அத்தை கோழியின் கழுத்தை இறுக்கிப் பிடித்தாள். அது கத்தியது. "ஏண்டிம்மா, ஒரு ஆம்பளைய அப்படி அடக்கி வெக்கலாமா?"

நமாலே நிமிர்ந்து பார்ப்பதற்குள் வயர்லெஸ் கரகரத்தது.

"மையம், மையம். இது கிசிம்பா படகு." கவூமாவின் குரல். பின்னால் ஒரு பெண்ணின் முனகல். "யார்: தோபிஸ்டா, முதல் பிரசவம். என்ன ஆச்சு: குழந்தை குறுக்கே கிடக்கு, ஆபரேஷன் வேணும். பாண்டா துறைக்கு எதிர்ல படகு ஆகாயத்தாமரையில சிக்கிக்கிச்சு. இஞ்சின் நின்னுபோச்சு. காத்து எங்களச் செடியோட சேர்த்து நடு ஏரிக்குத் தள்ளுது. என்ன செஞ்சோம்: ட்ரிப் போட்டாச்சு, துடுப்பால வெட்டிப் பார்த்தோம், முடியல. என்ன வேணும்: ஆள், வெட்டுக்கத்தி, நீளமான கயிறு. உடனே. என் பேட்டரி கடைசில இருக்கு."

ஒரு மூச்சில் எல்லாம் புரிந்துவிட்டது. அந்த அளவில் அவள் எழுதிய விதி தன் கடமையைச் செய்துவிட்டது. நடு ஏரிக்குப் போன செடித்திட்டு என்ன ஆகும் என்று தீவில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. அலையில் அது பிய்ந்துபோகும், அதற்குள் சிக்கிய படகு கவிழும். மேற்கே மழை கறுத்துக்கொண்டு வந்தது.

"கிடைத்தது, கிசிம்பா. பாண்டா, பாண்டா, இது மையம். அவசரச் செய்தி. பதில் சொல்லுங்க."

பதில் இல்லை.

"பாண்டா, இது மையம். பதில் சொல்லுங்க!"

இல்லை. டாக்டர் கசூலே வாசலில் இருந்து ஓடிவந்து கேட்டார், சாவியை எடுத்தார், தன் பைக்கில் பாண்டாவுக்குக் கிளம்பிவிட்டார். ஆனால் அது தீவின் மறுகோடி, வழியெல்லாம் செம்மண் சேறு. அவர் போய்ச் சேர்வதற்குள் படகு கண்ணுக்கு எட்டாத தூரம் போயிருக்கும். போனும் அந்தப் பக்கம் எடுக்காது.

"காலையில பாண்டா பதில் சொன்னாங்களே! பெட்டி போட்டுத்தான் இருக்கு. ஏன் கேக்க மாட்டேங்கறாங்க?" நமாலே மைக்கை மேஜையில் தட்டினாள்.

"கேக்க மாட்டாங்கம்மா," என்றாள் அத்தை சாதாரணமாக. "அவங்க முறை முடிஞ்சதும், உங்க ரெண்டு பேர் குரல் வந்தாலே சத்தத்தைத் தணிச்சிடுவாங்க. லுத்தாயா எங்கிட்டயே சொன்னான். புருஷன் பொண்டாட்டி சண்டைய ஒட்டுக்கேட்கறது அசிங்கம் இல்லையா? எல்லாத் தீவுலயும் அப்படித்தான். மானமுள்ள ஜனங்க."

"சண்டையா? யாருக்கும் யாருக்கும்?"

"உனக்கும் அவனுக்கும்தான். ஊரறிஞ்ச விஷயத்தை எங்கிட்ட மறைக்கறியே. ஒருத்தருக்கொருத்தர் குசலம்கூட விசாரிக்கறதில்ல. 'என்ன வேணும்', 'ஒண்ணும் வேணாம்'. அந்தப் பேச்சைக் கேட்டு லுத்தாயா பொண்டாட்டி அழுதாளாம். அதுக்குத்தானே நான் கோழியத் தூக்கிட்டு வந்தேன்."

வாழைத்தாரும் கூடுதல் மீனும் எதற்காக வந்தன என்பது நமாலேக்கு அப்போதுதான் உறைத்தது. அவமானப்படக்கூட நேரம் இல்லை. மறுபடி பாண்டாவை அழைத்தாள். அவசரத்தில் அவள் குரல் எவ்வளவு கூர்மையாகிறதோ, அங்கே பெட்டியின் குமிழை அவ்வளவு கீழே திருகுவார்கள் என்று இப்போது தெரிந்தது. கத்தக் கத்த அவள் சண்டைக்காரியாகத்தான் கேட்பாள்.

சொற்கள் தெளிவாகக் கேட்காத தூரத்திலும் அந்த ஊரில் காதுக்குத் தெரிகிற ஒன்று உண்டு. குசலம் விசாரிக்கிற ஓசை. அடுத்த வீட்டில் தாலாட்டுப் பாடினால் சொல் புரியாமலே தாலாட்டு என்று தெரிவதில்லையா, அதுபோல.

அவள் மைக்கை அருகே இழுத்தாள். பேட்டரி கடைசியில் இருக்கிற ஒருவனிடம் இதைச் செய்வது தப்பாகப் போனால், அவனுடைய கடைசிச் சொட்டையும் தானே தீர்த்தவள் ஆவாள். "குசலம் விசாரிக்கப் போறேன், அத்தை," என்றாள்.

"நாற்காலியில உக்காந்துக்கிட்டா விசாரிப்பாங்க?" என்றாள் அத்தை. என்ன நடக்கிறதென்று அவளுக்கு முழுக்கப் புரியவில்லை, ஆனால் பெண்கள் மண்டியிட்டு விசாரிக்கிற முறை தவறுவது மட்டும் பொறுக்காது. "மண்டி போடு. குரல்ல தெரியும்."

நமாலே மண்டியிட்டாள். மைக்கின் ஒயர் விறைத்துக்கொண்டு நின்றது. குரலைத் தணித்து, பாட்டுப்போல இழுத்து ஆரம்பித்தாள்.

"பொழுது எப்படிப் போச்சு, சேபோ?"

அந்தப் பக்கம் ஒன்றுமில்லை. காற்றின் இரைச்சல் மட்டும். பேட்டரி போய்விட்டதா? அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"நல்லா… நல்லா போச்சு, ஞாபோ." மெதுவாக வந்தது அவன் குரல். "உனக்கு எப்படிப் போச்சு?"

"ம்ம்."

"ஏ."

"ம்ம். அங்க என்ன சேதி, சேபோ?"

"அமைதிதான், ஞாபோ. அங்க?"

"இங்கயும் அமைதிதான். செய்யிற வேலைக்கு நன்றி."

"உனக்கும் நன்றி." அவன் அவசரப்படவே இல்லை. "நீ செய்யிற வேலைக்கு நன்றி. எங்கூட இந்தத் தீவுகளுக்கு வந்ததுக்கு நன்றி. சனிக்கிழமை வெந்நீர் வெச்சுக் காத்திருக்கறதுக்கு நன்றி. நான் பேசிப் பேசி அறுக்கறப்ப எழுந்து போகாததுக்கு நன்றி."

புரிந்துகொண்டுவிட்டான் என்று நமாலேயின் மனம் துள்ளியது. எதற்காக ஆரம்பித்தேன் என்று பிடித்துக்கொண்டு, இழுத்துக்கொடுக்கிறான். கெட்டிக்காரன். "ம்ம்," என்றாள், இன்னும் நீட்டி. "அத்தனைக்கும் நன்றி, சேபோ. உங்க பொறுமைக்கும் நன்றி."

"என் சட்டைக்குப் பித்தான் தைக்கறப்ப நூலைப் பல்லால கடிப்பியே, அதுக்கும் நன்றி, ஞாபோ. அப்புறம்…"

"அப்பாடா!" என்று, அவன் பொத்தானை விட்ட இடைவெளியில் ஒரு குரல் வெடித்தது. லுத்தாயா. கொட்டகையில் இருந்தவர்களின் கூச்சலும் குலவையும் பின்னால் கேட்டது. "சேர்ந்துட்டீங்களா ரெண்டு பேரும்! ஞாபோ, இங்க எல்லாரும் வேலையைப் போட்டுட்டுப் பெட்டிகிட்ட நிக்கறாங்க. பெட்டிய முழுசா வெச்சுட்டோம்! கவூமா, டேய், அந்த நூலை இன்னொரு தரம் சொல்லு!"

"பாண்டா, இது மையம்," என்றாள் நமாலே. "யார்: கவூமாவும் ஒரு பிரசவக்காரியும். என்ன ஆச்சு: உங்களுக்கு எதிர்ல ஆகாயத்தாமரையில படகு சிக்கி நடு ஏரிக்குப் போகுது. என்ன செஞ்சோம்: ஒண்ணும் செய்ய முடியல. என்ன வேணும்: நீங்க. வெட்டுக்கத்தியோட, கயிறோட, இப்பவே."

"கிடைத்தது," என்றார் லுத்தாயா, விதிப்படி. அவ்வளவுதான். அடுத்து இஞ்சின்கள் உறுமும் சத்தம் வயர்லெஸ்ஸிலேயே கேட்டது.

அத்தை கோழியை அவிழ்த்துவிட்டாள். அது மேஜைக்கடியில் போய் நின்றது.

மழை இறங்குவதற்குள் படகை இழுத்துவிட்டார்கள். துறையில் ஆம்புலன்ஸ் நின்றது. தோபிஸ்டாவைத் தூக்கும்போதே கவூமா மருத்துவச்சியிடம் நான்கு பெட்டியையும் பிசகாமல் சொல்லி ஒப்படைத்தானாம். அன்று சாயங்காலம் அவளுக்கு ஆண் குழந்தை பிறந்தது, நல்ல எடை, நல்ல கோபம். அடுத்த வாரம் நியமத்தின் இரண்டாம் பதிப்பு வந்தது. அவசரச் செய்திக்கு அதே நான்கு பெட்டி, அதில் நமாலே ஒரு புள்ளியைக்கூட மாற்றவில்லை. ஆனால் காலை நேரம் முழுக்க, அவசரச் செய்திக்கு இடையிடையே வழி விட்டு, குசலத்துக்கு, எல்லாத் தீவுக்கும், கட்டாயம். காரணம் எழுத வேண்டிய கட்டத்தில் டாக்டர் கசூலே தன் கையாலேயே, 'கேட்பவர்கள் பெட்டியைத் தணித்துவைக்காமல் இருக்க' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அன்றைக்குத் துறையில் நடந்ததைச் சொல்லாமல் விட்டுவிட்டேன்.

நமாலே ஒரு வாடகை பைக்கைப் பிடித்து, நனைந்துகொண்டே பாண்டாவுக்கு வந்து சேர்ந்தாள். கவூமா இடுப்புவரை சேறும் செடியுமாக, கவிழ்த்துப் போட்ட ஒரு படகின்மேல் உட்கார்ந்திருந்தான். கையில் யாரோ கொடுத்த தேநீர், குடிக்காமல். அவள் ஓடிவந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். சிரிப்பு அடக்க முடியவில்லை அவளுக்கு.

"எவ்வளவு சரியாப் புரிஞ்சுக்கிட்டீங்க! நான் ஏன் விசாரிக்கறேன்னு ஒரு வார்த்தைகூடக் கேக்கல. எவ்வளவு அழகா இழுத்தீங்க! அந்த நூலு, வெந்நீரு…"

கவூமா அவளைத் திரும்பிப் பார்த்தான். "எனக்கு ஒண்ணும் புரியல, நமாலே."

"பின்ன?"

"நீ விதிய மீறற ஆளா? சாகிற நேரத்துல மட்டும்தான் மீறுவே. நீ 'பொழுது எப்படிப் போச்சு'ன்னு ஆரம்பிச்சதும், சரி, யாரும் வரப் போறதில்ல, அவளுக்குத் தெரிஞ்சுபோச்சு, அதான் கடைசியா ஒரு தடவை முறையா விசாரிக்கறான்னு நெனச்சேன்." தேநீர்க் குவளையைப் படகின்மேல் வைத்தான். "தோபிஸ்டாவுக்குத் தெரியக் கூடாதேன்னு குரலை மட்டும் நிதானமா வெச்சுக்கிட்டேன். மிச்சம் எதுவும் வெக்காம சொல்லிடணும்னு சொன்னேன்."

நமாலேயின் சிரிப்பு அப்படியே நின்றது. அவன் சொன்னதெல்லாம் ஒவ்வொன்றாக மறுபடி காதில் விழுந்தது. ஒவ்வொன்றுக்கும் தான் மேஜையருகே மண்டியிட்டு, கெட்டிக்காரன் என்று மகிழ்ந்ததும் ஞாபகம் வந்தது. எந்தப் பேச்சையும் கேட்டவுடன் பிரித்து அடுக்குகிறவளுக்கு இதை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. அவன் சேற்றுச் சட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, துறை முழுக்கப் பார்க்க, வாய்விட்டு அழுதாள். அவன் அவள் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தான்.

ரொம்ப நேரம் கழித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்.

"இனிமே தினமும் சொல்லுங்க. ஆனா கொஞ்சம் கொஞ்சமாச் சொல்லுங்க. எப்பவும் மிச்சம் வெச்சே சொல்லுங்க."